பெட்ரோல் பங்க்கிலிருந்து தொடங்குங்கள்: ஷெவி 350 இன்ஜினுக்குச் சூப்பர்சார்ஜர் வைக்கும் வழி

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை வைக்க ஆசைப்பட்டு யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சூப்பர்சார்ஜரை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கேரேஜில் மேசை மேல் அது பளபளவென்று உட்கார்ந்திருக்கும். "கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கலாம்?" என்பது முதல் கேள்வி. "உங்கள் ஊர் பங்க்கில் என்ன பெட்ரோல் கிடைக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லத் தடுமாறினால், அந்த சூப்பர்சார்ஜரைத் துணி போட்டு மூடி வையுங்கள் என்பேன். பெட்ரோல் தெரிந்தால்தான் எவ்வளவு பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) என்று முடிவு செய்ய முடியும். பூஸ்ட் தெரிந்தால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம். கம்ப்ரஷன் முடிவான பிறகுதான் பிஸ்டன், ஹெட் எல்லாம். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், இன்ஜினும் போகும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஷெவ்ரலேயின் ஸ்மால் பிளாக் 350, அதாவது 350 கன அங்குல வி8. 1967 கமாரோவில் அறிமுகமான இந்த இன்ஜின் அமெரிக்காவில் இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உதிரி பாகம் மலிவு, அதைக் கடைந்து தரத் தெரிந்த பட்டறைக்கும் பஞ்சமில்லை. தினமும் வேலைக்குப் போய்வரவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுற்றவும் பயன்படுகிற வண்டிக்கான இன்ஜினைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டிராக் ரேஸ் இன்ஜின் வேறு சாதி, அதை இதோடு சேர்க்கக் கூடாது.

முதலில் பெட்ரோல்

அமெரிக்கப் பங்க்கில் ஒட்டியிருக்கும் 87, 89, 91, 93 என்ற எண்கள் ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) சராசரி. இந்தியாவில் எழுதியிருக்கும் 91, 95 எல்லாம் ஆர்ஓஎன் மட்டும். அமெரிக்காவின் 91 ஏறக்குறைய இந்தியாவின் 95-க்குச் சமம். ஊரில் படித்த எண்ணை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள், இங்கே படித்ததை வைத்து அங்கேயும் போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் சாதாரணப் பங்க்கில் உயர்ந்தது 91. கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 93 கிடைக்கும். இந்த இரண்டு எண் வித்தியாசம் உங்கள் பிஸ்டன் தேர்வையே மாற்றும்.

ஏன் இவ்வளவு கவலை? காற்றும் பெட்ரோலும் பிளக்கின் பொறியிலிருந்து சீராக எரிந்து பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொண்டு வெடிக்கும். அதுதான் நாக்கிங். சாதாரண இன்ஜினில் தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும், காலை எடுத்துவிடலாம். சூப்பர்சார்ஜரின் ஊளையிலும் சைலன்சரின் சத்தத்திலும் அது காதில் விழாது. விழும்போது பிஸ்டனின் ஓரம் உடைந்திருக்கும்.

பூஸ்ட் எவ்வளவு?

கார்புரேட்டரும் இரும்பு ஹெட்டும் உண்டு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது என்ற நிலையில் பழைய ஆட்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் உள்ள பூஸ்ட்டை, வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஆல் வகுத்து, 1 கூட்டி, அதை கம்ப்ரஷன் விகிதத்தால் பெருக்குங்கள். வருவது 12-க்குப் பக்கத்தில் இருந்தால் 92, 93 பெட்ரோலில் பிழைத்துக்கொள்ளலாம். 8.5 கம்ப்ரஷனும் 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டும் வைத்தால் 11.97. 9-க்கு 5 பிஎஸ்ஐ என்றால் 12.06. 8-க்கு 7 வைத்தால் 11.8. எந்த ஜோடியை எடுத்தாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். அப்படியென்றால் எதை எடுப்பது? சூப்பர்சார்ஜர் ரூட்ஸ் வகையாக (இரண்டு உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளும் வகை) இருந்தால், கம்ப்ரஷனைக் கொஞ்சம் குறைத்து பூஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுவது என் வழக்கம். ரூட்ஸ் கீழ் வேகத்திலேயே காற்றைத் தள்ளுவதால், குறைந்த கம்ப்ரஷனின் மந்தம் தெரியாது. விசிறி போன்ற சக்கரம் சுழன்று அழுத்தும் சென்ட்ரிஃப்யூகல் வகையில் பூஸ்ட் வேகம் ஏற ஏறத்தான் வரும். அதற்கு 8-க்கும் கீழே இறக்கினால் சிக்னலில் வண்டி மாட்டுவண்டியாகிவிடும்.

இது கைக்கணக்குதான், இயற்பியல் விதி இல்லை. டாட்ஜின் ஹெல்கேட் இன்ஜினைப் பாருங்கள்: 9.5 கம்ப்ரஷன், 11.6 பிஎஸ்ஐ, 707 குதிரைசக்தி. நம் கணக்கில் போட்டால் 17 வரும்! அங்கே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கிறது, அலுமினிய ஹெட் இருக்கிறது, நாக்கிங்கைக் கேட்டு நொடியில் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கும் கணினி இருக்கிறது. கம்பெனிக்காரர்களே எச்சரிக்கையாக இருந்த உதாரணமும் உண்டு. ப்யூக் 3800 வி6 சீரிஸ் 2-இல் சாதாரண இன்ஜினுக்கு 9.4, சூப்பர்சார்ஜர் வைத்ததற்கு 8.5. முதல் இன்ஜின் கட்டுகிறவர் இந்த 8.5-ஐ மனதில் வைத்துக்கொள்ளலாம். அலுமினிய ஹெட் போட்டால் அரைப் புள்ளி மேலே போகலாம், அவ்வளவுதான்.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரி செல்சியஸ் காற்றை 6 பிஎஸ்ஐ அழுத்தும் ஒரு ரூட்ஸ், அதன் செயல்திறன் 55 சதவீதம் என்று வைத்தால், 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. 8 பிஎஸ்ஐ ஆனால் 100 டிகிரியைத் தாண்டும். பூஸ்ட்டை இரண்டு எண் கூட்டுவது லேசான விஷயமாகத் தோன்றுவது கேஜில்தான். இன்ஜினுக்குள் அது வேறு பருவம்.

எந்த சூப்பர்சார்ஜர்?

பானட்டைக் கிழித்துக்கொண்டு நிற்குமே, அந்தப் பெரிய 6-71, அது டெட்ராய்ட் டீசலின் இரண்டு ஸ்ட்ரோக் லாரி இன்ஜினிலிருந்து வந்தது. 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் பெயர். ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம் காற்றைத் தள்ளும். போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) 355 கன அங்குலமான நம் இன்ஜின் ஒரு சுற்றுக்கு உள்ளே இழுப்பது அதிகபட்சம் 178 தான். ஒன்றுக்கு ஒன்று சுற்றினாலே இரண்டு மடங்குக்கு மேல் காற்று. அதனால் புல்லியை மாற்றி, கிராங்க்கை விட மெதுவாகச் சுற்ற விடவேண்டும். அழகுக்காக வைக்கிறேன் என்றால் வையுங்கள், நானும் அந்த அழகுக்கு மயங்கியவன்தான். ஆனால் பானட் மூடவேண்டும், முன்னால் ரோடு தெரியவேண்டும் என்றால் வெய்யாண்ட் 142 போன்ற சின்னது போதும். அதன் 142 கன அங்குலத்தை 1.8 மடங்கு வேகத்தில் சுற்றினால் 256 வரும். தெரு வண்டிக்கு அது தாராளம்.

இன்னொன்று, வாங்கும்போதே ஹெட்டைப் பற்றியும் யோசியுங்கள். 1996-இலிருந்து வந்த வோர்டெக் ஹெட்டுக்கு இன்டேக் மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) போல்ட் வரிசை வேறு. பழைய ஹெட்டுக்கான சூப்பர்சார்ஜர் மேனிஃபோல்டு அதில் உட்காராது.

கம்ப்ரஷனை நீங்களே அளங்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான் மிகவும் பிடிவாதம் பிடிக்கும் பகுதியும் இதுதான்.

350-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. பழைய பிளாக் என்பதால் பெரும்பாலும் 0.030 அங்குலம் போர் போட்டு 355 ஆக்குவார்கள். அப்போது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727.4 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் நான்கு பங்கு: ஹெட்டின் குழி, கேஸ்கெட்டின் தடிப்பு, பிளாக்கின் மேல்மட்டத்துக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி, பிஸ்டன் தலையில் இருக்கும் பள்ளம். நான்கையும் கூட்டி, 727.4-ஐ அதனால் வகுத்து, 1 சேர்த்தால் கம்ப்ரஷன் விகிதம்.

இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு வழி காட்டுகிறேன். முதல் வழி: 76 சிசி ஹெட், 1.04 மி.மீ. கேஸ்கெட்டுக்கு 9.15 சிசி, பிஸ்டன் 0.635 மி.மீ. கீழே நிற்பதால் 5.2 சிசி, தட்டைப் பிஸ்டனின் வால்வு வெட்டுக்கு 6 சிசி. கூட்டினால் 96.35, விகிதம் 8.55. இரண்டாவது வழி: பிளாக்கின் மேல்மட்டத்தைச் சீவி பிஸ்டன் சரிமட்டத்துக்கு வரும்படி செய்கிறோம், 64 சிசி ஹெட், அதே கேஸ்கெட், 24 சிசி பள்ளம் உள்ள பிஸ்டன். கூட்டினால் 97.15, விகிதம் 8.49. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது இன்ஜின்தான் நாக்கிங்குக்கு அடங்கும்.

காரணம், பிஸ்டனின் தட்டையான பகுதி ஹெட்டின் தட்டையான பகுதியை நெருங்கும்போது நடுவில் இருக்கும் கலவை பிதுங்கி பிளக் பக்கம் ஓடிச் சுழல்கிறது. ஓரத்தில் தானாகப் பற்றிக்கொள்ள அங்கே கலவையே மிஞ்சுவதில்லை. இந்த நெருக்கத்தைக் குவென்ச் என்பார்கள். 0.9-இலிருந்து 1.15 மி.மீ. வரை நல்லது. இரண்டாவது வழியில் 1.04 இருக்கிறது. முதல் வழியில் 1.68, பிதுக்க வலுவில்லை. கம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பது இதனால்தான். பள்ளமும் முழு வட்டமாக இருக்கக் கூடாது. ஹெட்டின் குழிக்கு நேர் எதிரே மட்டும் பள்ளமும், மீதிப் பக்கம் தட்டையாகவும் உள்ள டி வடிவப் பிஸ்டனைக் கேளுங்கள்.

சரி, அளப்பது எப்படி? ஹெட்டை மேசையில் குப்புறப் போட்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். வால்வுகளின் உட்காருமிடத்தில் கிரீஸ் தடவிப் பொருத்தி, பிளக்கையும் திருகிவிடுங்கள். குழியைச் சுற்றி மெல்லியதாகக் கிரீஸ் பூசி, ஓரத்தில் துளையிட்ட கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி ஒட்டுங்கள். துளை மேட்டுப் பக்கம் இருக்கட்டும், காற்றுக்குமிழி வெளியேற அதுதான் வழி. 100 சிசி பியூரெட்டில் ஸ்பிரிட் ஊற்றி ஒரு துளி கலர் கலந்துகொண்டு, சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிக் குமிழி மறையும் இடத்தில் குழாயை மூடி எண்ணைப் படியுங்கள். எட்டுக் குழியையும் இப்படி அளங்கள்.

நான் பழைய ஹெட் ஜோடி ஒன்று வாங்கினேன். 64 சிசி என்று விற்றவர் சொன்னார், வார்ப்பு எண்ணும் அதையே சொன்னது. பியூரெட்டில் 59.5-இல் நிரம்பிவிட்டது. நம்பாமல் மறுபடியும் ஊற்றினேன், 59.5 தான். முன்பு யாரோ மட்டம் சீவியிருக்கிறார்கள். அளக்காமல் பூட்டியிருந்தால் 8.5 என்று நான் நினைத்த இன்ஜின் 8.85-இல் ஓடியிருக்கும். ஒரு நாள் மாலை, கொஞ்சம் ஸ்பிரிட், அவ்வளவுதான் செலவு.

பிஸ்டன் மேல்மட்டத்தை டயல் கேஜில் பார்க்கும்போது, பிஸ்டன் பின் இருக்கும் கோட்டின் மேலேயே முள்ளை வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடுவதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

பிஸ்டனும் ரிங்கும்

வார்ப்புப் பிஸ்டன் வேண்டாம். சிலிக்கான் அதிகமுள்ள ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டன் நல்ல பொருள்தான், ஆனால் ஒருமுறை நாக்கிங் வந்தால் பீங்கான் போல உடையும். புதியவர் டைமிங் பிடிக்கும்போது ஒருமுறையாவது நாக்கிங் வரும். அதனால் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதிலும் இரண்டு உலோகம் உண்டு. 4032 சூட்டில் குறைவாக விரியும், சுவரோடு நெருக்கமாக வைக்கலாம், காலையில் சத்தம் போடாது. 2618 அடி தாங்கும், ஆனால் அதிக இடைவெளி கேட்கும். இன்ஜின் சூடாகும் வரை டக்டக் என்று தட்டும். 6, 7 பிஎஸ்ஐ தெரு வண்டிக்கு 4032 போதும். மேலே போகிற எண்ணம் இருந்தால் இப்போதே 2618 வாங்கிவிடுங்கள், காலைச் சத்தத்துக்குப் பழகிவிடும்.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கைப் போர் போடக் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்து, அதன் தாளில் உள்ள இடைவெளிப்படி கடைசி ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்யட்டும். ஹெட் இறுக்கினால் சிலிண்டர் எப்படி நெளியுமோ அதே நெளிவைத் தரும் டார்க் பிளேட்டைப் பூட்டி ஹோனிங் செய்வார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ரிங் இடைவெளியில்தான் என் முதல் சூப்பர்சார்ஜர் இன்ஜின் போனது. பெட்டியிலிருந்து எடுத்த ரிங்கை அப்படியே போட்டேன். பூஸ்ட்டில் பிஸ்டன் தலையின் சூடு ரிங்குக்கு ஏறி, அது நீண்டு, இரண்டு முனையும் முட்டிக்கொண்டன. போக இடமில்லாத ரிங் சுவரைக் கவ்வியது. ஏழாவது சிலிண்டரில் மேல் ரிங் பள்ளத்துக்கு மேலிருந்த பகுதி அப்படியே பெயர்ந்து வந்தது. பிரித்துப் பார்த்தபோது ரிங்கின் இரண்டு முனையும் கண்ணாடி மாதிரி மினுங்கின. அந்த ரிங்கை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சாதாரண இன்ஜினில் மேல் ரிங்குக்கு 0.016-இலிருந்து 0.018 அங்குலம் வைப்போம். இதற்கு 0.022-இலிருந்து 0.024. பிஸ்டன் கம்பெனி வேறு எண் கொடுத்திருந்தால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. ரிங்கை அதே சிலிண்டரில் விட்டு, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் கீழே நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் பாருங்கள். ஒரு முனையை மட்டும் அரத்தில் தேய்த்து, பிசிறு எடுத்து, மறுபடி பாருங்கள். பதினாறு ரிங்குக்கும் இதே வேலை. பொறுமை வேண்டும்.

ராடு, கிராங்க், மற்றவை

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் ராடின் போல்ட்டை இழுத்து அறுப்பது பூஸ்ட் இல்லை, வேகம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் திசை திரும்பும்போதுதான் அந்த இழுப்பு அதிகம். 6000 ஆர்பிஎம்மைத் தாண்டாத தெரு இன்ஜினுக்கு ஃபோர்ஜ்டு 4340 ஸ்டீல் ஐ-பீம் ராடும் நல்ல போல்ட்டும் போதும்.

கிராங்க்கில் எல்லோரும் கவனிக்க மறப்பது அதன் மூக்கு. சூப்பர்சார்ஜரின் பெல்ட் முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. புல்லி வழுக்காமல் பூட்டத் தொழிற்சாலையில் போட்ட ஒற்றைக் கீ அதற்குக் கட்டியதல்ல. எதிர்ப் பக்கத்தில் இரண்டாவது கீ வெட்டிக்கொள்ளுங்கள். பட்டறைக்குச் சின்ன வேலை, பின்னால் பெரிய செலவைத் தவிர்க்கும். பிளாக் நான்கு போல்ட் மெயினாக (கிராங்க்கைத் தாங்கும் மூடிகளில் நான்கு போல்ட் உள்ளதாக) இருந்தால் நல்லது.

ஹெட்டுக்கு ஸ்டட் போடுங்கள். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் வேண்டுமென்றால் பிளாக்கும் ஹெட்டும் அதற்கேற்ற வழவழப்பில் சீவியிருக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல காம்போசிட் கேஸ்கெட்டே நன்றாகப் பிடிக்கும்.

வால்வு ஸ்பிரிங்கில் ஒரு கணக்கு. 2.02 அங்குல இன்டேக் வால்வின் பரப்பு 3.2 சதுர அங்குலம். 6 பிஎஸ்ஐ அதன் முதுகைத் தள்ளினால் 19 பவுண்டு. அவ்வளவு பலம் ஸ்பிரிங்கிலிருந்து கழிகிறது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கம்பெனி சொல்லும் சீட் பிரஷரோடு (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தரும் அழுத்தம்) அதைச் சேர்த்து வாங்குங்கள். கேம் எடுக்கும்போது லோப் இடைக்கோணம் 112-இலிருந்து 114 டிகிரி, எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் நீளம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமானால் நீங்கள் காசு கொடுத்து அழுத்திய காற்று சைலன்சர் வழியே போய்விடும்.

கார்புரேட்டரும் டைமிங்கும்

கார்புரேட்டர் மேலே, ரூட்ஸ் கீழே என்ற அமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஹோலி கார்புரேட்டரின் பவர் வால்வு வேக்குவம் குறைந்தால் திறந்து கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். ஆனால் கார்புரேட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில், முழுக் காலில்கூட வேக்குவம் மிஞ்சலாம். கீழே மேனிஃபோல்டில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் ஓடும், மேலே பவர் வால்வு தூங்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும். அதனால் பவர் வால்வுக்கான குழாயை சூப்பர்சார்ஜருக்குக் கீழே மேனிஃபோல்டில் இணைத்த பூஸ்ட் ரெஃபரன்ஸ் கார்புரேட்டரையே வாங்குங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் கேஜ் கட்டாயம். முழு பூஸ்ட்டில் 11.5-இலிருந்து 12-க்குள் இருக்கட்டும்.

சாதாரண 350-க்கு மொத்த டைமிங் 34-இலிருந்து 36 டிகிரி. இதில் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி பின்னுக்கு இழுப்பது பழைய வழக்கம். 6 பிஎஸ்ஐக்கு 28-இல் தொடங்குங்கள். பூஸ்ட்டைப் பார்த்துத் தானே இழுக்கும் பெட்டி வைத்தால், சும்மா ஓட்டும்போது முழு டைமிங்கும் கிடைக்கும், மைலேஜும் பிழைக்கும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.030 அங்குலம்.

முதல் 500 மைலுக்கு பூஸ்ட் பக்கம் போகாமல் ஓட்டி, எண்ணெயை மாற்றுங்கள். அப்புறம் ஆளில்லாத ரோட்டில் வேண்டாம், டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றுங்கள். மூன்றாவது கியரில் ஒரே ஒரு இழுப்பு. உடனே இன்ஜினை அணைத்து, எட்டுப் பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக அடுக்கி, பூதக்கண்ணாடியில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் சின்ன அலுமினியப் பொட்டுகளோ தெரிந்தால் அது நாக்கிங். அந்தப் பொட்டு உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. இரண்டு டிகிரி டைமிங்கைக் குறைத்து, புதுப் பிளக் போட்டு, மறுபடி ஒரு இழுப்பு. அப்போதும் புள்ளி வந்தால் சூப்பர்சார்ஜர் மேல் புல்லியைப் பெரிதாக்கி ஒரு பிஎஸ்ஐ இறக்குங்கள். எட்டுப் பீங்கானும் சுத்தமாக வரும் வரை வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.